சோப்பு டப்பா

கீழே விழுந்துவிட்டது என்றான்.
விழுந்த கிதாருக்கு எங்காவது காயம் இருக்கும்,
மூலையில் ஒரு நசுங்கல்,
வார்னிஷில் சிலந்திக்கோடு.
இதற்கு எதுவுமில்லை.
முதுகுப் பலகை மட்டும் விலாவை விட்டு விலகி
என் கட்டைவிரல் நகம் நுழையுமளவுக்கு
ஒரு சாண் நீளம் வாய் திறந்திருந்தது.

எலியோதோரோ சிகுவாய்.
தாமிரச் சுரங்கத்தில் ஏழு இரவு வேலை, ஏழு நாள் ஓய்வு.
சொந்த ஊர் சிலோயே,
தெற்கே மழை ஓயாத தீவு.
கிதாரும் அங்கே பிறந்ததுதான், தீவின் சிப்ரஸ் மரத்தில்.
இங்கே கலாமாவில்
துவைத்த சட்டையைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள்
காய்ந்துவிடும்.
தம்பி மகளுக்கு ஐந்து வயது.
மழையை அவள் டிவியில் பார்த்திருக்கிறாள்.

பகலில் நான் பல்செட் செய்கிறவள்.
பிளாஸ்டர், மெழுகு, ரோஸ் நிற ஈறு.
மாலையில் அதே மேஜையில் கிதார்.
பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை
ஒலித்துளை வழியே உள்ளே நீட்டினேன்.
தூசி. ஒரு பேருந்துச் சீட்டு.
நுனி தளர்ந்த பட்டை ஒன்று.
பிளவின் உதட்டில் மட்டும்
ரோஸ் நிறத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது.
முகர்ந்தேன். புதினா.

பல்செட்டை ஈறில் ஒட்டும் பசை.
வேறு கடையாயிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
நாற்பதுகூட இருக்காது அவனுக்கு.
மேலுதட்டை இழுத்து வைத்தே
பேசிக்கொண்டிருந்தான்.
விழுந்ததுதான், என்றேன்.

உடனே ஒட்டித் தாருங்கள், வியாழன் ஷிஃப்ட்.

முடியாது.
மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை, அகலத்தில் சுருங்கும்.
முதுகு உள்ளே இழுக்க
விலா நின்ற இடத்திலேயே நிற்க
நடுவிலிருக்கும் பசை எத்தனை நாள் தாங்கும்?
சுருங்கியதை இழுத்துக் கட்டி ஒட்டினால்
அடுத்த வாரம் பலகையே பிளக்கும்.
முதலில் அது தண்ணீர் குடிக்கட்டும்.

சோப்பு டப்பாவில் சூடான ஊசியால் துளைகளிட்டு
நனைத்த பஞ்சை வைத்து
கம்பிகளைத் தளர்த்தி வயிற்றுக்குள் இறக்கினேன்.
குப்பைப் பையில் முழுதாகக் கட்டிக்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
முதல் நாள் நகம்.
நான்காம் நாள் சீட்டுக்கட்டின் ஒரு சீட்டு.
ஒன்பதாம் நாள் மின்கட்டண ரசீது மட்டும் போய்வந்தது.
பதினொன்றாம் நாள் அதுவும் தயங்கியது.
யாரும் தொடாமலே பாதி வேலை முடிந்திருந்தது.
கூலியை நான் குறைக்கவில்லை.

வெந்நீர்த் துணியால் பழைய பசையை இளக்கினேன்.
புதினாவைத் துடைக்கத்தான் நேரமாயிற்று.
பால்புட்டி சூடாக்கும் கருவியில் தோல்பசை,
வீடெங்கும் நனைந்த மாட்டின் வாடை.
தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தான்.
காற்றுப் பட்டால் உறையுமடா என்று கத்தினேன்.
மூடினான்.
ஒரு நிமிடம்தான் அவகாசம்.
மெல்லிய கத்தியில் பசையை உள்ளே செலுத்தி
சைக்கிள் ட்யூபைக் கிழித்த நாடாவால்
பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவதுபோல்
இறுக்கிச் சுற்றினேன்.

அடுத்த ஓய்வில் வந்தான்.
தடவிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான்.
இனி விடாதே?
விடும், என்றேன்.
எபாக்சி போட்டிருந்தால் விடாது, மரம்தான் கிழியும்.
இது வெந்நீருக்கு வழிவிடும்.
என்றைக்காவது இன்னொருவர் திறக்க வேண்டி வரும்.

வாசித்தான்.
ஏதோ ஒரு வால்ஸ், பாதியில் விரல் மறந்துவிட்டது.
சிரித்துவிட்டான்.
மேல்செட் மெல்ல நழுவி இறங்கியது.
சட்டென்று வாயைப் பொத்தினான்.

இந்த ஊரில் வாயும் காயும், என்றேன்
கம்பிகளைப் பார்த்தபடி.
செவ்வாய்க்கிழமை அதையும் கொண்டு வாருங்கள்.

பதிலில்லை.
சோப்பு டப்பாவை அவன் கையில் வைத்தேன்.
ஞாயிறுதோறும் பஞ்சை நனைக்க வேண்டும்.
எத்தனை நாளைக்கு?
இங்கே இருக்கும்வரை.

டப்பாவை மூக்கருகே கொண்டுபோனான்.
லாவெண்டர் இன்னும் போயிருக்கவில்லை.